பழைய மோட்டார் புகட்டிய கல்வி

கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவன பள்ளிக்கூடமும் புத்தகமும் பரீட்சையுமே ஆகும். அவற்றின் அருமையைக் குறைத்துக் கூற நாம் முன்வரவில்லை. எழுத்தறியாது இருளில் கிடந்த மக்களுக்குப் புத்தகமே முதல் விளக்கு. ஆயினும், கண்ணால் கற்பது போலவே கையால் கற்பதும் ஒரு கல்வி என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. பையன் ஒருவன் பழைய யந்திரம் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ‘உருப்படாத பயல், பொழுதை வீணாக்குகிறான்’ என்று கடிந்துகொள்ளும் பெற்றோரே நம்மிடையே மிகுதி.

அப்படிக் கடிந்துகொள்ளாத ஒரு தகப்பனாரைப் பற்றியும், அவருடைய மகனைப் பற்றியும், அவ்விருவர் கைக்கும் வந்துசேர்ந்த ஒரு பழைய மோட்டார் வண்டியைப் பற்றியும் இங்கு எழுத விரும்புகிறோம். அவ்வண்டி பிரபுக்கள் ஏறிய வண்டியன்று. உருவில் சிறியது, விலையில் மலிந்தது. பையன் கைக்கு வந்தபோது அது வண்டியாகவும் இல்லை. பெட்டிகளில் அடைத்த துண்டுகளாகவே வந்தது. அது வந்தவாறும், அதிலிருந்து விளைந்ததும் அறியத்தக்க வரலாறாகும்.

வரியினால் பிறந்த வண்டி

1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போர் முடிந்த பின், இங்கிலாந்தில் நடுத்தர வருவாயுள்ள ஒருவர் குடும்பத்தோடு வெளியூர் போக விரும்பினால், மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒரு கூண்டைப் பூட்டி, அதில் மனைவி மக்களை அமர்த்திக்கொண்டு மழையிலும் குளிரிலும் போகவேண்டியிருந்தது. மோட்டார் வண்டியோ செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது.

இந்நிலையில், 1921ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசாங்கத்தார் குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு பவுன் வீதம் மோட்டார் வண்டிகளுக்கு வரி விதித்தனர். இந்தக் குதிரைச் சக்தி, இஞ்சின் உண்மையில் தரும் வலிமையைக் கொண்டு கணிக்கப்பட்டதன்று. சிலிண்டரின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, 2.5 ஆல் வகுத்தால் கிடைப்பதே வரிக்குரிய எண். ஆகவே, அகன்ற சிலிண்டர் உடைய வண்டிக்கு வரி மிகுந்தது. ஒடுங்கிய சிலிண்டர் உடையதற்கு வரி குறைந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த போர்டு வண்டி வாங்குவதற்கு மலிவாயினும், இக்கணக்கின்படி ஆண்டுக்கு 20 பவுனுக்கு மேல் வரி கட்டவேண்டியதாயிற்று.

இதனைக் கூர்ந்து நோக்கியவர் ஹெர்பர்ட் ஆஸ்டின். 1866இல் பிறந்த இவர், இளமையில் ஆஸ்திரேலியா சென்று, ஆட்டு மயிர் கத்தரிக்கும் யந்திரங்களில் தொழில் பழகியவர். 1905இல் பர்மிங்காம் நகருக்கு அருகே லாங்பிரிட்ஜ் என்னுமிடத்தில் மோட்டார்த் தொழிற்சாலை நிறுவியவர். போருக்குப் பின் அத்தொழிற்சாலை கடனில் மூழ்கியிருந்தது. ‘சிறு வண்டி ஒன்று செய்வோம்’ என்று அவர் கூறியதை உடனிருந்த நிர்வாகிகள் ஏற்கவில்லை. ஆஸ்டின் மனம் தளராது, தம் வீட்டில் பில்லியர்ட் ஆடும் அறையையே அலுவலகமாக்கிக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து படம் வரையும் இளைஞன் ஒருவனை அழைத்துவந்து வேலையைத் தொடங்கினார். அவ்விளைஞன் பெயர் ஸ்டான்லி எட்ஜ், வயது 18.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. இரண்டு சிலிண்டர் இஞ்சினே போதும் என்று முதலாளி எண்ணியிருந்தார். நான்கு சிலிண்டர் உடைய சிறு இஞ்சினே அதிராமல் ஓடும் என்று அந்தப் பதினெட்டு வயது இளைஞன் எடுத்துரைத்தான். வயதிலும் செல்வத்திலும் பதவியிலும் மூத்த ஆஸ்டின், ‘நீ யார் எனக்குச் சொல்ல?’ என்று கேட்கவில்லை. இளைஞன் கூறியதில் நியாயம் இருக்கக் கண்டு அதனையே ஏற்றுக்கொண்டார். பெரியவர்கள் இவ்வாறு செவிசாய்ப்பது எந்நாட்டிலும் அருமையே.

1922ஆம் ஆண்டில் ‘ஆஸ்டின் ஏழு’ என்னும் அவ்வண்டி வெளிவந்தது. வரிக் கணக்கில் ஏழு குதிரைச் சக்திக்குச் சற்று மேற்பட்டதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 6 அடி 3 அங்குலமே. எடை ஏறத்தாழ 360 கிலோ. இஞ்சின் முதலில் 696 கன சென்டிமீட்டர். சிறிது காலத்துக்குள் 747 ஆக்கப்பட்டது. ஆங்கில எழுத்து வரிசையின் முதலெழுத்தைப் படுக்கவைத்தாற் போன்ற எளிய இரும்புச் சட்டம். முன்புறம் குறுக்காக ஒரே ஒரு வில். பின்புறம் இரண்டு சிறு விற்கள். இவ்வளவே அதன் உடற்கூறு. மக்கள் அதனைப் ‘பேபி ஆஸ்டின்’ என்று செல்லமாக அழைத்தனர். 1939 வரையில் ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. ஜெர்மனியில் ஐசனாக் நகரத் தொழிற்சாலை ஒன்று 1927 முதல் அனுமதி பெற்று இதே வண்டியைச் செய்தது. அத்தொழிற்சாலையை 1928இல் விலைக்கு வாங்கிய பி.எம்.டபிள்யூ நிறுவனம் முதன்முதல் விற்ற மோட்டார் கார், இந்த ஏழைச் சிறு வண்டியின் உடன்பிறப்பே என்றால் பலர் வியப்புறுவர்.

சிறியது பந்தயத்தில் புகுந்தது

குடும்பத்தார் கடைவீதிக்குப் போவதற்கென்று செய்யப்பட்ட வண்டி, விரைவில் பந்தயக் களத்திலும் புகுந்தது. எடை குறைந்ததால் சிறிய இஞ்சினும் அதனை விரைந்து இழுத்தது. 1929ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் அல்ஸ்டர் மாகாணத்துச் சாலைகளில் நடந்த டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில், பேருருவம் கொண்ட வண்டிகளிடையே ஆஸ்டின் ஏழு வண்டிகள் மூன்றாம் இடத்தையும் நான்காம் இடத்தையும் பெற்றன. எஞ்சினின் அளவுக்குத் தக்கபடி சலுகை அளிக்கப்பட்ட பந்தயமே அது என்பது உண்மை. எனினும், ஊறுபடாமல் அவ்வளவு தூரம் ஓடிமுடித்ததே அதற்குப் பெருமை. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் களத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில், மணிக்கு 83 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓடி ஓர் ஆஸ்டின் ஏழு வெற்றி பெற்றது.

இப்பந்தயங்களின் புகழைக் கொண்டு, ‘அல்ஸ்டர்’ என்னும் பெயரால் ஒரு வகை விற்பனைக்கு வந்தது. இருவர் மட்டும் அமரலாம். கதவு கிடையாது, அலுமினியத் தகட்டால் ஆன உடல், கூர்த்த வால், தாழ்ந்த முன்பகுதி. செல்வர்தம் பந்தய வண்டிகளோடு ஒப்பிட்டால் இது விளையாட்டுச் சாமான் போன்றது. ஆயின் விளையாட்டு வண்டி என்று பெயர் பெற்றவற்றுள், எளியவர் கனவிலாவது வாங்கிப் பார்க்கத்தக்க விலையுடையது இதுவே.

பழையதான பின் பெற்ற புதுப்பிறவி

பொருள்கள் பழையனவானால் மதிப்பிழக்கும், இஃது இயற்கை. ஆஸ்டின் ஏழு மதிப்பிழந்த பின்னரே அதன் சிறந்த பணி தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வண்டிகள் இங்கிலாந்தின் சந்துபொந்துகளிலெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. பள்ளி மாணவரும் தொழில் பழகும் பையன்களும் சேர்த்துவைத்த சிறு தொகைக்கு அவற்றை வாங்கலாயினர். இஞ்சினை இருவர் கையாலேயே தூக்கி இறக்கலாம். ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றில் பூட்டலாம். சில ஸ்பேனர்களும் சுத்தியும் அரமும் இருந்தால், வீட்டின் பின்புறமே பட்டறையாகும். 1939இல் தொடங்கப்பட்ட ‘750 மோட்டார் கிளப்’ போருக்குப் பின், இவ்வண்டிகளைத் தம் கையால் திருத்தியமைத்த எளியவர்களுக்கென்றே பந்தயங்கள் நடத்திற்று.

காலின் சாப்மன் என்னும் லண்டன் மாணவர் கதையையும் இங்குச் சுருங்கக் கூறுவோம். பொறியியல் பயின்றுகொண்டே பழைய கார்களை வாங்கி விற்றுவந்த அவருக்கு, பெட்ரோல் பங்கீட்டுச் சட்டம் மாறியதால் 1947இல் வாணிபம் படுத்துவிட்டது. விற்காமல் கையில் நின்றது பழைய ஆஸ்டின் ஏழு ஒன்றே. பத்தொன்பது வயது வாலிபர் அதனைச் சந்தைக்கு மீண்டும் கொண்டு போகவில்லை. ஒரு சிறு கொட்டகையில் வைத்து, மேலுடலை நீக்கி, புதிதாக ஒட்டுப்பலகையாலும் தகட்டாலும் இலேசான உடல் அமைத்து, 1948இல் பந்தயத்துக்கு ஓட்டிப் போனார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லோட்டஸ் வண்டிகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது இந்த விற்காத சரக்கே.

ஆக்லாந்து நகரத்துப் பட்டறை

இனி நம் கதைக்கு உரிய பையனிடம் வருவோம். அவன் பிறந்தது இங்கிலாந்தில் அன்று. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நியூசிலாந்தில். ஆக்லாந்து நகரில் ரெமுவேரா என்னும் பகுதியில், லெஸ் மக்லேரன் என்பவர் பெட்ரோல் நிலையமும் பழுதுபார்க்கும் பட்டறையும் வைத்திருந்தார். அவர் இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவர். அவருக்கு 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி பிறந்த மகன் புரூஸ். மோட்டார் எண்ணெய் மணத்திலேயே அவன் வளர்ந்தான் என்னலாம்.

ஒன்பது வயதில் அவனுக்குப் பெர்த்தீஸ் என்னும் இடுப்பெலும்பு நோய் கண்டது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குன்றி, அவ்வெலும்பு நலிந்துபோவதே இந்நோய். அக்காலத்தில் அறிந்த மருத்துவம், காலை அசையாமல் கட்டி நெடுங்காலம் படுக்கவைப்பது. ஓடியாடும் பருவத்தில் ஆண்டுக்கணக்கில், டக்கபுனா என்னுமிடத்தில் இருந்த குழந்தைகள் இல்லத்தில் அவன் படுக்கையில் கிடந்தான். எழுந்து நடந்தபோது இடக்கால் வலக்காலைக் காட்டிலும் குட்டையாயிருந்தது; வாழ்நாள் முழுதும் அவன் சற்றுச் சாய்ந்தே நடந்தான். மற்றப் பையன்களோடு ரக்பி ஆட இயலாத மகனைப் பார்த்த பெற்றோரின் மனம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை, பிள்ளை பெற்றவர்களுக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

1950களின் தொடக்கத்தில் லெஸ் மக்லேரன் ஒரு பழைய அல்ஸ்டர் வண்டியை 110 பவுன் கொடுத்து வாங்கினார். அது 1929ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துண்டு துண்டாகக் கழற்றப்பட்டுப் பெட்டிகளில் கிடந்தது. அவர் கருதியது வாணிபமே. பொருத்திச் செப்பனிட்டு இலாபத்துக்கு விற்பது என்பது அவர் எண்ணம். அந்நாட்டில் அக்காலத்தில் வெளிநாட்டுச் சரக்குகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. புதிய வண்டி வாங்குவது அரிதாகையால், பழைய வண்டியை உயிர்ப்பிப்பதே நல்ல தொழிலாயிருந்தது. பெட்டிகளைக் கண்ட மகனோ, விற்கவேண்டாம் என்று மன்றாடினான். தகப்பனார் இணங்கினார். தந்தையும் மகனும் சேர்ந்து, பட்டறையின் வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில், அவ்வண்டியை மீண்டும் உருவாக்கலாயினர்.

பெட்டியில் கிடந்த பாடங்கள்

கழற்றிக் கிடக்கும் ஆஸ்டின் ஏழு வண்டியைப் பொருத்துவது எத்தகைய வேலை என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். ஏனெனில், ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலாவது, இஞ்சினின் எண்ணெய் ஓட்டம். பம்பு எண்ணெயை இரண்டு சிறு துளைகளின் வழியே பீச்சுகிறது. சுழலும் கிராங்குத் தண்டு அதனைத் தன் பள்ளங்களில் ஏந்தி, பிஸ்டன் கம்பிகளின் அடிப்பகுதிக்குக் கொண்டு சேர்க்கிறது. அத்துளையில் ஒரு நூலிழையோ மணலோ அடைத்துக்கொண்டால் போதும். பேரிங் வறண்டு உருகிவிடும். பெரிய யந்திரத்தின் உயிர் ஊசி முனையளவு துளையில் நிற்கிறது. சுத்தம் என்பது ஆசாரமன்று, அவசியம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் கற்பிக்க முடியாது.

இரண்டாவது, கிராங்குத் தண்டு. அது முன்னும் பின்னுமாக இரண்டே இடங்களில் தாங்கப்பட்டிருக்கிறது. நடுவில் தாங்கல் இல்லை. வேகம் மிகுந்தால் கயிற்றை ஆட்டினாற்போல நடுப்பகுதி வளையும். அளவு கடந்தால் முறியும். வேகத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லையை விதிப்பது ஓட்டுபவன் ஆசையன்று, உலோகத்தின் வலிமை என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, பிரேக்கு. இவ்வண்டியின் பழைய வகைகளில் கால்மிதி பின் சக்கரங்களை மட்டும், கைப்பிடி முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தும். எல்லாம் கம்பி வடங்களால் இழுக்கப்படுவன. ஒரு வடம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் வண்டி ஒருபுறமாக இழுக்கும். நான்கு சக்கரங்களையும் ஒரே அளவாகப் பிடிக்கச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். ஓடச் செய்வது எளிது. நிற்கச் செய்வதே அரிது.

நான்காவது, வலிமையைப் பெருக்குதல். சிலிண்டர் தலையின் உட்குழிவைச் சிறிதாக்கினால், காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி மேலும் நெருக்கப்பட்டு, மிகுந்த விசையுடன் வெடிக்கும். ஆனால் அளவுக்கு மீறி நெருக்கினால் இஞ்சின் ‘கிண் கிண்’ என்று தட்டும், பிஸ்டன் பழுதாகும். எவ்வளவு நெருக்கலாம்? இதனை அளந்து, கணக்கிட்டு, ஓட்டிப் பார்த்து, மறுபடியும் கழற்றி அளந்தே காணவேண்டும். கணக்குப் புத்தகத்தில் ‘கன அளவு’ என்று படித்தபோது கொட்டாவி விட்ட பையனும், தன் சிலிண்டர் தலையில் எண்ணெயை ஊற்றி அதன் கன அளவைக் காணும்போது விழித்துக்கொள்வான்.

இவற்றுக்கெல்லாம் மேலான பாடம் ஒன்று உண்டு. யந்திரத்திடம் சாக்குப்போக்குச் சொல்லிப் பயனில்லை. ஆசிரியரிடம் தலைவலி என்று கூறித் தப்பலாம். தகப்பனாரிடம் பொய் கூறித் தப்பலாம். இறுக்காத திருகு, இறுக்கியதாக நாம் சொல்வதால் இறுகிவிடாது. யார் மகன், என்ன குலம், எவ்வளவு செல்வம் என்று யந்திரம் கேட்பதில்லை. சரியாகச் செய்தாயா, இல்லையா? இது ஒன்றே அதன் கேள்வி.

மலைச் சாலையிலிருந்து உலகுக்கு

வண்டி உருவாயிற்று. அந்நாட்டில் அப்போது 15 வயதில் ஓட்டுரிமை பெறலாம். 1952ஆம் ஆண்டில் முரிவாய் கடற்கரைக்கு அருகே மேட்டுச் சாலையில் நடந்த ஏற்றப் பந்தயத்தில் புரூஸ் தன் அல்ஸ்டர் வண்டியை ஓட்டினான். அதுவே அவனுடைய முதற் பந்தயம். ஓடும் களத்தில் கால் குறையுள்ளவனாயிருந்த பையன், சக்கரங்களின் மேல் ஏறியதும் மற்றவர்க்கு நிகரானான்.

அதன் பின் வந்தவற்றை விரைந்து கூறுவோம். ஆக்லாந்தில் பொறியியல் பயின்றுகொண்டே, போர்டு, ஆஸ்டின்-ஹீலி, கூப்பர் எனப் படிப்படியாகப் பெரிய வண்டிகளுக்கு அவர் ஏறினார். 1958இல் நியூசிலாந்துப் பந்தயச் சங்கத்தார் இளம் ஓட்டுநர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்தில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959 டிசம்பர் 12ஆம் தேதி, அமெரிக்காவில் சீப்ரிங் களத்தில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், முன்னே சென்ற ஜாக் பிரபாம் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட, மக்லேரன் ஒரு வினாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். அப்போது அவருக்கு வயது 22. இண்டியானாபொலிஸ் பந்தயம் நீங்கலாக, உலகப் பட்டத்துக்குரிய பந்தயத்தை அவ்வளவு இளவயதில் வென்றவர் 2003 வரை வேறு எவரும் இல்லை.

எனினும், ஓட்டியதைக் காட்டிலும் உருவாக்கியதே அவருடைய நிலையான பெருமை. 1963இல் தம் பெயரால் ஒரு பந்தய நிறுவனத்தைத் தொடங்கினார். வண்டியைத் தாமே சோதித்து, இங்கே அதிர்கிறது, அங்கே இழுக்கிறது என்று பொறியாளரோடு அமர்ந்து திருத்துவது அவர் வழக்கம். 1966இல் கிறிஸ் ஏமன் என்னும் நாட்டவரோடு சேர்ந்து போர்டு வண்டியில் லெ மான்ஸ் 24 மணிப் பந்தயத்தை வென்றார். 1968இல் பெல்ஜியத்தில் ஸ்பா களத்தில், தம் பெயர் தாங்கிய வண்டியைத் தாமே ஓட்டிக் கிராண்ட் பிரீ வென்றார். வட அமெரிக்காவில் நடந்த கான்-ஆம் பந்தயங்களில் 1967 முதல் 1971 வரை ஐந்து ஆண்டும் பட்டம் அவருடைய நிறுவனத்தின் வண்டிகளுக்கே கிடைத்தது.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1969ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் சாலையில் நடந்த சிங்கப்பூர் கிராண்ட் பிரீயில், கிரேம் லாரன்ஸ் என்னும் நியூசிலாந்து ஓட்டுநர் மக்லேரன் வண்டியிலேயே வெற்றி பெற்றார். ஆக்லாந்துப் பட்டறையின் பெட்டிகளில் தொடங்கிய பாதை, நம் வாசகர்கள் பலர் பஸ் ஏறிச் சென்ற அந்தச் சாலை வழியாகவும் போயிருக்கிறது.

1970 ஜூன் 2ஆம் தேதி, இங்கிலாந்தில் குட்வுட் களத்தில் புதிய வண்டியொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அதன் பின்புற மேல்மூடி பெயர்ந்ததால் வண்டி நிலைதவறி மோதிற்று. புரூஸ் மக்லேரன் மாண்டார். வயது 32. வேகத்தின் புகழைப் பாடுவோர் இந்த முடிவையும் மறைக்காமல் கூறக் கடமைப்பட்டவர்கள். பூட்டிய மூடி ஒன்று பிடிவிட்டால் உயிர் போகும் என்பது, அவர் பதின்மூன்று பதினான்கு வயதில் கற்கத் தொடங்கிய அதே பாடத்தின் கொடிய பக்கம்.

அவர் மறைந்த பின்னும் நிறுவனம் மறையவில்லை. அந்த அல்ஸ்டர் வண்டியும் அழியவில்லை. பிற்காலத்தில், வோக்கிங் நகரில் அந்நிறுவனம் எழுப்பிய பெரிய மாளிகையில், உலகப் பட்டம் பெற்ற வண்டிகளோடு அதுவும் காட்சிக்கு வைக்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

இவ்வரலாற்றை அளவோடு மதிப்பிட வேண்டும். வெறுங்கையோடு உலகை வென்ற ஏழைச் சிறுவன் கதையாக இதனைச் சொல்வது உண்மையாகாது. புரூஸுக்குப் பட்டறை இருந்தது, கருவிகள் இருந்தன, தவறினால் திருத்தத் தகப்பனார் பக்கத்தில் இருந்தார். 110 பவுன் ஒரு தொழிலாளிக்கு அந்நாளில் சிறு தொகையன்று. இவையெல்லாம் இல்லாத பிள்ளைகள் எண்ணிறந்தோர். ஆஸ்டின் ஏழு வண்டியைத் திருத்திய ஆயிரக்கணக்கான பையன்களுள் பெயர் பெற்றவர் மிகச் சிலரே. ஆனால் பெயர் பெறாதவர்களும் நட்டமடைந்தார்களில்லை. நல்ல மெக்கானிக்காகவும், கடைசல் தொழிலாளராகவும், தம் வீட்டுப் பம்பைத் தாமே சீராக்கத் தெரிந்த மனிதராகவும் வாழ்ந்தனர்.

பந்தய மோகத்தையும் நாம் பரிந்துரைக்கவில்லை. உரிமம் பெறும் வயது வராத பிள்ளைகள் பொதுச்சாலையில் வண்டி ஓட்டுவது குற்றம். பிறர் உயிருக்கும் கேடு. நாம் போற்றுவது ஓட்டியதையன்று, ஓடச் செய்ததை.

கொள்ளத்தக்கவை இரண்டு. ஒன்று, திறந்து பார்க்கத்தக்க மலிவான யந்திரம் ஒரு பள்ளிக்கூடம் என்பது. இன்று வரும் வண்டிகளும் சாதனங்களும் மூடி முத்திரையிட்டாற்போல இருக்கின்றன. பழுதானால் எறிந்துவிட்டு வேறு வாங்கு என்கின்றன. அதனாலேயே பழைய பொருள்களின் மதிப்பு குறையாது கூடுகிறது. நின்றுபோன தையல் யந்திரம், துருப்பிடித்த சைக்கிள், ஓடாத மின்விசிறி ஆகியவற்றில் ஒன்றைப் பையனுக்கும் பெண்ணுக்கும் கொடுத்து, மின்சாரம் துண்டித்திருப்பதை உறுதி செய்துகொண்டு, ‘கழற்றிப் பார், கழற்றிய வரிசையை எழுதி வை, மறுபடி பூட்டு’ என்று சொல்லத்தக்க வீடு எத்தனை? பெண்ணுக்கும் என்றதை வேண்டுமென்றே சொல்கிறோம். ஸ்பேனருக்கு ஆண் கை, பெண் கை என்ற வேறுபாடு தெரியாது.

இரண்டாவது, எண்ணெய்க் கறை படிந்த கை இழிந்த கையன்று என்பது. தோட்டத் தொழிற்சாலையில் இஞ்சினைக் கவனித்தவர்கள் நம்மவர். செந்தூல் ரயில் பட்டறையில் இரும்போடு பழகியவர்களுள் பலர் நம்மவர். லோரிகளை மலைப்பாதையில் நிறுத்தாமல் ஓட்டி, நின்றால் நடுவழியில் தாமே சீர் செய்தவர்கள் நம்மவர். அவர்களிடம் இருந்த அறிவு எந்தப் பொறியியலாளருக்கும் குறைந்ததன்று. ஆனால் அவர்களுட் பலர், ‘என் மகன் என்னைப் போல் ஆகக் கூடாது, மேசையில் உட்கார வேண்டும்’ என்றே விரும்பினர். பட்ட துன்பத்தினால் எழுந்த அவ்விருப்பத்தை நாம் குறை கூறோம். ஆயினும், அவ்விருப்பத்தோடு கூடவே, தம் கையில் இருந்த அறிவையும் மகனுக்குக் கொடாமல் மறைத்தனர். பரம்பரைச் சொத்து ஒன்று கேட்பாரற்றுப் போயிற்று.

லெஸ் மக்லேரன் தம் மகனுக்கு அளித்தது வண்டி மட்டும் அன்று. விற்றால் வரக்கூடிய இலாபத்தை விட்டுக்கொடுத்து, தம் பட்டறையில் ஓர் இடத்தையும், தம் பொழுதில் ஒரு பங்கையும் அளித்தார். செல்வம் இல்லாத தகப்பனும் இவற்றுள் கடைசி இரண்டையும் கொடுக்கலாம். நம்மிடையே வேலை தெரிந்த பெரியோர் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவிப் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு பிள்ளைக்கும் அவர்கள் இடம் தருவார்களாக. அப்பிள்ளை திருகாணியைத் தவறவிடும், கைவிரலை நசுக்கிக்கொள்ளும், வேலை இருமடங்கு நேரம் பிடிக்கும். அந்த இருமடங்கு நேரமே கல்விக்குக் கட்டும் சம்பளம்.